பதினான்காம் இலக்க மரம்

...சொல்லிவிட்டால்தான் என்ன, உப்புத்தான் ஹெர் எக்லி, நான்தான் போட்டேன், எங்கள் ஊரில் தென்னங்கன்று நடும்போது குழிக்குள் ஒரு சிரங்கை உப்பும் சாம்பலும் போட்டுத்தான் மண்ணை இழுத்து மூடுவோம், அந்தப் பழக்கத்தில் போட்டுவிட்டேன், என்று டொச் மொழியில் சொல்ல நாலு வசனம் போதும், நேற்று வேலையில் படிக்கட்டுத் துடைக்கும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன், சிரங்கை என்பதற்குத்தான் டொச்சில் சொல் கிடைக்கவில்லை, கையைக் குவித்துக் காட்டினால் போயிற்று. கிராமத்து அலுவலகத்தில் மரங்களுக்குப் பொறுப்பான எக்லி ஒன்பதரைக்கு வந்து மண்ணைப் பரிசோதிப்பார் என்று கடிதத்தில் இருக்கிறது. இப்போது ஒன்பது பத்து. சுவிஸ்காரர் ஒன்பதரை என்றால் ஒன்பது இருபத்தொன்பதுக்குக் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு குசினி ஜன்னலால் வெளியே பார்க்கிறேன், ஞானம் மரத்துக்குக் கீழே கதிரையில் இருக்கிறாள், முதுகு மட்டும் தெரிகிறது, ஐந்து வருடமாக இந்த ஜன்னலால் எனக்குத் தெரிவது என் மனைவியின் முதுகுதான்... அவளுக்கு மேலே அந்த லிண்டன் மரம், இலைகளின் ஓரமெல்லாம் அப்பளம் கருகினதுபோல் சுருண்டு, அதுவும் ஆடி மாதத்தில், ஊரிலுள்ள மற்ற மரமெல்லாம் பச்சைப்பசேலென்று நிற்கிற நேரத்தில். யாரோ வேண்டுமென்று எதையோ ஊற்றியிருக்கிறார்கள் என்று கிராமத்தில் கதை. அது அவள் காதிலும் விழுந்து, பேக்கரியில் நின்றுகொண்டு தன் அரைகுறை டொச்சில், என் கணவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாளாம், பாண் விற்கிற பெண் அதை என்னிடம் சொன்னபோது நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே பாணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அது ஒன்றுதான் பயம். தண்டம் கட்டலாம், ஊரவர்கள் முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும், ஆனால் எக்லி தன்னுடைய ஃபைலைத் திறந்து, போன வருடம் இந்த மரத்தைத் தறிக்க அனுமதி கேட்டவரும் நீங்கள்தானே என்று அவளுக்கு முன்னால் வாசித்தால்... அவளுக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை.

இந்த வீட்டை எடுத்தது நானா? நான் பார்த்தது கூரை, ஹீற்றர், பீல் நகரத்துக்குப் போகிற பஸ், வங்கி எவ்வளவு தரும் என்பது. எட்டு வீடு பார்த்துக் களைத்து இது ஒன்பதாவது, 2014, ஆனி மாதம், வீட்டுக்காரர் குசினி அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார், பின்னால் திரும்பினால் ஞானத்தைக் காணவில்லை, தேடிப் போனால் மரத்தடியில் நிற்கிறாள், மரம் முழுக்கப் பூ, அந்த வாசம், தேன் கொஞ்சம் புளித்த மாதிரி ஒரு வாசம், மேலே ஆயிரக்கணக்கில் தேனீக்கள், மரமே இரைகிறது, அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "இதுக்குக் கீழை நிண்டால் எனக்கு மூச்சு வருது" என்றாள். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து சொன்ன முதல் வசனம் அது என்று எனக்குத் தோன்றியது. அப்படியில்லை, கறிக்குப் புளி காணுமோ, பஸ் போட்டுதோ என்றெல்லாம் ஒவ்வொரு நாளும் கதைத்தவள்தான், ஆனால் 2009 வைகாசிக்குப் பிறகு தன்னைப் பற்றி ஒரு சொல் சொன்னது அன்றைக்குத்தான். அந்த வைகாசியில் அவளுடைய தம்பி சிவநேசன் காணாமற்போனான். போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நடந்து வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. காணாமற்போனவர்களின் பட்டியலில் பெயர் கொடுத்தோம், பெயர் இருக்கிறது. உடல் இல்லை, கண்ணால் கண்ட சாட்சி இல்லை, அதனால் அந்தியேட்டி இல்லை, படத்துக்கு மாலை இல்லை, திரிம்பாக் கோயிலுக்குப் போனால் தட்டை நீட்டி, சிவநேசன், ஆயிலியம் என்று பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விப்பாள், உயிரோடிருப்பவனுக்குச் செய்வதுபோல, பரீட்சை எழுதப் போகிறவனுக்குச் செய்வதுபோல. ஒரேயொரு தரம், ஆத்மசாந்திக்கு ஒரு பூசை வைப்போமா என்று கேட்டேன். என்னை அவள் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மரத்தின்மேல் எனக்கென்ன கோபம், அது பாவம் தன்பாட்டில் நிற்கிறது... கோடையில் அதிலிருந்து பாகுபோல ஒன்று சொட்டும், ஏதோ பூச்சியின் வேலையாம், கார்க் கண்ணாடி பிசுபிசுக்கும், பட்டப்பகலிலும் குசினியில் லைட் போடவேண்டும், இதெல்லாம் விண்ணப்பத்தில் நான் எழுதிய காரணங்கள், எல்லாம் உண்மை, ஒன்றுகூடப் பொய்யில்லை. எழுதாத காரணம் ஒன்று இருந்தது. அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை முடித்து வருவாள், தேத்தண்ணியை ஊற்றுவாள், எனக்கும் ஒன்று ஊற்றி வைப்பாள், அதில் குறையொன்றும் சொல்லமுடியாது, பிறகு தன்னுடைய கோப்பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி அங்கே போய்விடுவாள். ஒருநாள் நானும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பக்கத்தில் இருந்தேன். வராதேங்கோ என்றும் சொல்லவில்லை, வாங்கோ என்றும் சொல்லவில்லை, கால் மணித்தியாலம் இருந்தேன், யாருடைய வீடென்று தெரியாமல் ஒரு செத்தவீட்டுக்குள் போய் இருந்துவிட்டதுபோல் இருந்தது, கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். ஒரு மனிதன் மரத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவானா? படுவான், நான் பட்டேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கெமைண்டே என்கிற அந்தக் கிராமத்து அலுவலகக் கவுண்டரில் இதே எக்லிதான், நல்ல மனிதர், பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போய், இது பதினான்காம் இலக்கம், பாதுகாக்கப்பட்ட மரம், நூற்று நாற்பது வயது, காணியும் உங்களுடையது, மரமும் உங்களுடையது, ஆனால் தறிக்க விடமாட்டோம், பெரிய கொப்பு ஒன்றை வெட்டுவதென்றாலும் எங்களைக் கேட்கவேண்டும், வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள் என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எண்பத்தைந்தில் இருபத்தைந்து வயதில் வந்து, எந்த நேரமும் திருப்பி அனுப்பலாம் என்ற கடதாசியை வருடா வருடம் புதுப்பித்து, N விசா, F விசா, B விசா என்று எழுத்து எழுத்தாக ஏறி வந்தவன் நான், இது நின்ற இடத்தில் நின்றுகொண்டே பாதுகாப்பு எடுத்துவிட்டது, யார் அதனிடம் விசாரணை வைத்தார்கள், எந்த வழியால் வந்தாய் என்று யார் கேட்டார்கள்... சரி, எழுதிக் கேட்டேன். பதில் அவள் கையில் கிடைத்துவிடக் கூடாதென்று ஒன்பது நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பீலிலிருந்து பஸ் பிடித்து வந்து கடிதப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனேன், இந்த வயதில், காதல் கடிதத்துக்கு அலைகிற பெடியன்போல. பத்தாவது நாள் வந்தது, முடியாது என்று. பழைய கார்க் காப்புறுதிக் கடதாசிகளுக்குள் செருகி வைத்தேன். ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால் பிறகு இலேசில் இறக்கமாட்டார்கள், பட்டுப்போனாலும் யாராவது வந்து பார்த்துப் பட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்தால்தான் பெயரை வெட்டுவார்கள், என்று அன்றைக்கு நினைத்தது ஞாபகம் இருக்கிறது, மரத்தைத்தான் நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை.

ஒன்பது இருபது. கோப்பையை வைத்துவிட்டேன், இனிக் கழுவினால் அதிலுள்ள பூப்படம் அழிந்துவிடும். மாசி மாதம் அது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடிந்திருந்தது, ஞானம் தலையிடி என்று மேலே போய்ப் படுத்துவிட்டாள், பனி கொட்டப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள், நான் கராஜிலிருந்து வீதிக்குப் போடுகிற உப்புச் சாக்கைத் தூக்கினேன், வாசலுக்குப் போடத்தான், வாசலுக்குப் போட்டேன், படிக்குப் போட்டேன், பிறகு மரத்தடிக்குப் போனேன். அந்த நேரம் என்னைப் பெற்ற ஐயாவின் கை ஞாபகம் வந்தது, பொய்யில்லை, உண்மையாகவே வந்தது, தென்னங்குழிக்கு மேலே குவிந்த கை, அவள் இருக்கிற இடம் நல்லாயிருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் கையைப் போட்டேன்... நினைத்தேனா? இருபத்திரண்டு வருடமாக நான் ஹவுஸ்வார்ட், மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களில் படி துடைப்பதும் பல்ப் மாற்றுவதும் பனிக்கு உப்புப் போடுவதும் என் வேலை, ஒவ்வொரு ஐப்பசியும் கம்பனியில் அரைநாள் வகுப்பு வைப்பார்கள், மரத்தடியில் உப்புப் படக்கூடாது, வேரை எரித்துவிடும் என்று படம் போட்டுக் காட்டுவார்கள், ஓரம் கருகின இலையைச் சுவரளவு பெரிதாக்கிக் காட்டுவார்கள், காட்டி முடித்துக் கோப்பி தருவார்கள், அந்தப் படம்தான் இப்போது என் வளவில் நிற்கிறது. அப்படியென்றால் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான்... இல்லை, அந்த நேரம் நான் ஐயாவின் பிள்ளையாக நின்றேன், ஹவுஸ்வார்ட்டாக நிற்கவில்லை, ஒரு மனிதனுக்குள் இரண்டு பேர் ஒருவரோடொருவர் கதைக்காமல் இருக்க முடியாதா, முடியும், ஒரு வீட்டுக்குள்ளேயே முடிகிறதே. அதுசரி, சிரங்கை சிரங்கை என்கிறேனே, சிரங்கையா போட்டேன்? கையால் போடத் தொடங்கினேன், பிறகு சாக்கைச் சரித்தேன், சுற்றி வந்தேன், அந்தச் சாக்கு முடிந்து கராஜுக்குத் திரும்ப நடந்ததும் இரண்டாவது சாக்கின் நூலைப் பல்லால் இழுத்ததும் ஞாபகம் இருக்கிறது, சுற்றிச் சுற்றி வந்தேன், கோயில் வீதி சுற்றுவது மாதிரி, ஒரு சத்தமும் இல்லை, காற்றில்லை, அவ்வளவு நிம்மதியாக நான் அந்த வருடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. அடுத்தநாள் விடிய எல்லாவற்றையும் பனி மூடியிருந்தது.

கார்க் கதவு. இருபத்தொன்பதுதான். எக்லி வந்து இருவருக்கும் கை கொடுத்தார், ஞானத்துக்கு முதலில், பிறகு எனக்கு, என் கை ஈரமாக இருந்ததால் மன்னிப்புக் கேட்டேன், அதுவே ஒரு குற்றத்தை ஒத்துக்கொண்டதுபோல் எனக்குக் கேட்டது. ஞானம் தன் கதிரையைத் தூக்கி அப்பால் வைத்தாள். அவர் முழங்காலில் நின்று, நீளமான குழாய் ஒன்றை மண்ணுக்குள் திருகி இறக்கி எடுத்தார், மூன்று இடத்தில், ஒவ்வொரு மண்ணையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கினார், அவசரமில்லாமல், பிள்ளைக்குப் பால்மாக் கரைக்கிறவர்போல, பேனை மாதிரி ஒரு கருவியை அதற்குள் விட்டு இலக்கத்தைப் பார்த்தார், துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். மேலே எங்கோ ஒரு தேனீ, பூ முடிந்து நாளாகிவிட்டது, இன்னும் என்ன தேடுகிறது... உப்பு, என்றார் எக்லி. மெதுவாகத்தான் சொன்னார். நிறைய உப்பு. எழும்பி, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, ஃபைலைத் திறந்தார், எனக்குத் தெரியும், எந்தப் பக்கம் திறக்கும் என்றும் தெரியும், போன வருடம் ஆவணியில் இந்த மரத்தைத் தறிக்க அனுமதி கேட்டிருக்கிறீர்கள் ஹெர் கனகரத்தினம், நாங்கள் மறுத்தோம், என்று அவர் வாசிக்க, நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், நாலு வசனத்தில் ஒன்றும் வரவில்லை, முதல் சொல்கூட வரவில்லை. எனக்குத் தெரியும், என்றாள் ஞானம், டொச்சில். எக்லி அவளைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் தென்னை என்று ஒரு மரம், அதற்கு உப்புப் போடுவோம், உப்புப் போட்டால் நல்லாக வரும், நான் இங்கே இருப்பேன் என்று இவர் எனக்காகப் போட்டார், கொஞ்சம், என்று வினைச்சொல்லெல்லாம் இடம் மாறி நிற்க ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள், பிறகு சொல் கிடைக்காமல் வலக்கையை நீட்டிக் குவித்துக் காட்டினாள். நான் இரண்டு நாளாகப் பாடமாக்கினது அவள் வாயால் வந்துகொண்டிருந்தது. எக்லி அந்தக் கையைப் பார்த்தார், கருவியிலுள்ள இலக்கத்தைப் பார்த்தார், அந்தக் கைக்கும் அந்த இலக்கத்துக்கும் பொருந்தாதென்று அவருக்குத் தெரியாமல் இருக்காது, பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஓம் என்றா, இல்லை என்றா, எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் ஃபைலில் ஒரு வரி எழுதினார், அறியாமல் செய்தது, என்று எழுதிவிட்டு எழுதினதை எங்களுக்கு வாசித்தும் காட்டினார். மேல் மண்ணை ஆட்கள் வந்து எடுப்பார்கள், அதுவரை ஒவ்வொரு நாளும் தண்ணீர் விடுங்கள், ஒரு இடத்தில் அரை மணித்தியாலமாவது நிற்கவேண்டும், உப்பு கீழே இறங்கிப் போகட்டும், ஒரு பக்கம் பட்டுப்போகலாம், மற்றப் பக்கம் தப்பலாம், அடுத்த வருடம் தளிர்க்கும்போதுதான் சொல்லமுடியும் என்றார். இருவருக்கும் திரும்பவும் கை கொடுத்தார். அறியாமல் செய்தது. அந்தச் சொல்லை வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் கேற்றடியில் நின்றேன்.

கார் வளைவில் மறைந்த பிறகு ஹோஸை இழுத்து வந்து மரத்தடியில் பிடித்தேன். மண் முதலில் தண்ணீரை வாங்கவில்லை, மேலே குமிழி குமிழியாக நின்றது, பிறகு எங்கோ ஒரு வழி கிடைத்து இறங்கத் தொடங்கியது, இறங்குகிற சத்தம் கேட்டது, நிலத்துக்குக் கீழே யாரோ மெல்ல மெல்லக் கதைப்பதுபோல. ஞானம் கதிரையைத் திரும்ப எடுத்துப் போடவில்லை. பக்கத்தில் நின்றாள். நாங்கள் இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்று எவ்வளவு காலம், வெயில் இலைகளுக்குள்ளால் விழுந்து அவள் தோளில், அந்தப் பழைய நீலச் சட்டையில், வட்ட வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. கருகின இலைகளுக்குள்ளாலும் வெயில் அப்படித்தான் விழுகிறது. எனக்குத் தெரியும் என்றாளே, எப்போதிருந்து தெரியும், கடிதம் செருகி வைத்த அன்றிலிருந்தா, அல்லது எக்லி வாசித்தபோதுதான் கேட்டு, கேட்ட வாக்கிலேயே எனக்காக எடுத்துச் சொன்னாளா, அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை, அதைவிடச் சின்னதாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"உப்புப் போட்டதை நீர் எப்ப கண்டனீர்?"

"அண்டைக்குத்தான். மேலை ஜன்னலாலை."

ஐந்து வருடமாக நான் ஜன்னலால் அவளைப் பார்த்தேன், ஒரு நாள் அவள் ஜன்னலால் என்னைப் பார்த்திருக்கிறாள். பனி உருகி, சித்திரையில் தளிர்த்து, வைகாசியில் ஓரம் கருகத் தொடங்கி, நான் ஒவ்வொரு நாளும் இது வேறேதும் நோயாக்கும் என்று சொல்லிச் சொல்லித் திரிந்த அந்த ஐந்து மாதமும் அவளுக்குத் தெரியும். பேக்கரியில் நின்று சொன்னபோதும் தெரியும். ஹோஸ் என் கையில் கனத்தது.

"அப்ப ஏன் வந்து மறிக்கேல்லை?"

அவள் குனிந்து, விழுந்து கிடந்த ஒரு இலையை எடுத்து, கருகின ஓரத்தை விரலால் உடைத்தாள். "மறிக்கத்தான் வெளிக்கிட்டனான்" என்றாள். "படியாலை இறங்கி, சப்பாத்தும் போட்டு, கதவுப் பிடியிலை கையும் வைச்சனான்..." இலையின் மிச்சத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள், நான் முதல் சாக்கை முடிக்கும்வரையா, கராஜுக்குப் போய்த் திரும்பும்வரையா, இடையில் திறந்திருக்கலாமே, நான் பத்து அடி தூரத்தில்தானே நின்றேன், ஒரு இருமல் இருமியிருந்தாலும் நிறுத்தியிருப்பேனே... அவள் தம்பிக்காக அங்கே காத்திருக்கிறாள், அந்தக் கதிரையை விட்டு எழும்ப அவளுக்கு மனமில்லை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எழும்ப முடியாமல் இருந்திருப்பாளோ? தானாக எழும்பினால் அவனைத் தானே செத்தவனாக்கியதாகிவிடும் என்று பயந்து, வேறு யாராவது வந்து இந்த நிழலை எடுத்துவிட்டால் தன்மேல் குற்றமில்லை என்று, கதவுக்கு அந்தப் பக்கத்தில், தலையிடியோடு, சப்பாத்தோடு... அப்படியா, அல்லது எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று இதையும் நான்தான் கட்டிக்கொள்கிறேனா? அவள் முகத்தைப் பார்த்தேன். எட்டு வீடு பார்த்த களைப்பில் ஒன்பதாவது வீட்டு வளவில் அண்ணாந்து நின்ற முகம்தான், ஐந்து வருடத்துக்குப் பிறகு இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பக்கம் தண்ணி போகேல்லை, என்றாள். நான் ஹோஸை அந்தப் பக்கம் திருப்பினேன். இந்த மரம் தப்பவேண்டும் என்று அவள் விரும்புகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, என்னை யாராவது கேட்டாலும் சொல்லத் தெரியாது, அரை மணித்தியாலம் அப்படியே நின்று இருவரும் தண்ணீர் விட்டோம்.